முத்தலாங்குளத்தில் உவமைகள் தீர்ந்துபோன வருஷம்

முத்தலாங்குளத்தில் ஒரு உவமையை ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லலாம், இரண்டாவது ஆளுக்குச் சொல்ல வராது என்று ஆகிப்போனது ஒரு ஐப்பசித் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற பேனர் கடையில். அன்றைக்கு இரண்டு பேனர் அச்சாக வேண்டியிருந்தது. முதலாவது அரிசி ஆலைக்காரர் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு. அதில் அந்தப் பிள்ளையை 'வெண்ணிலவே' என்று போட்டிருந்தது, நன்றாக அச்சாகி வந்தது. இரண்டாவது மேலத்தெருக் கல்யாணத்துக்கு. அதிலும் மணப்பெண்ணை 'வெண்ணிலவே' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் மெஷினிலிருந்து இறங்கிய பேனரில் பெண் இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், தாய்மாமன்மார் பதினேழு பேரும் கைகூப்பி நின்றார்கள், நிலவு இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள், மூன்று தடவையும் வெள்ளைதான். சிவகாசியிலிருந்து மெக்கானிக் வந்து மெஷினைப் பிரித்துப் பார்த்து, "மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு இரண்டு புரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் அது வாய்க்கும் பரவியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒரு பையனை எருமை என்று திட்டிவிட்டு அடுத்தவனிடம் திரும்பி வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது, காற்று மட்டும் வந்தது. சந்தையில் ஒருத்தி தன் மருமகளைப் பேய் என்றாள், வந்தது; அதைக் கேட்டு உற்சாகமான இன்னொருத்தி தன் மருமகளையும் சொல்லப் பார்த்தாள், வரவில்லை; மூன்று தடவை முயன்று தோற்று, முறுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஊர் எல்லையைத் தாண்டிப் போய் நின்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. எங்கள் ஊர் ஆளைப் பற்றியென்றால் சாத்தூரில் நின்றாலும் சென்னையில் நின்றாலும் ஒன்றுதான், வராது. சாமிக்கும் வெளியூர்க்காரருக்கும் எதை வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். ஏன் எங்களுக்கு மட்டும் இப்படி என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. குடிதண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற ஊரில் ஏன் என்று கேட்கிற பழக்கம் போய்விடும். எவ்வளவு வரும், யார் முன்னால் நிற்பது என்பதுதான் கேள்வி.

இதில் அதிகம் அடிபட்டவர் பூரணலிங்கம். அந்தப் பேனர் கடைக்கு முப்பது வருஷமாக வாசகம் எழுதிக்கொடுப்பவர் அவர்தான். முதலில் சுவரில் எழுதினார், பிறகு போஸ்டருக்கு எழுதினார், பிறகு பேனர் வந்தது. பார்ப்பதற்கு அவர் எப்படியிருப்பார் என்று எதையாவது காட்டிச் சொல்லலாமென்றால், நானும் இந்த ஊர்க்காரன், எனக்கு வராது. ஒல்லி, உயரம், இடது காதில் முடி, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, அவ்வளவுதான். கேட்டால் யோசிக்காமல் கொடுப்பார். செத்தவர் என்றால் ஆலமரம், அரசியல்வாதி என்றால் சிங்கம், பெண் பிள்ளை என்றால் நிலவு, ஆண் பிள்ளை என்றால் முத்து, போலீஸ்காரர் என்றால் புலி. முப்பது வருஷத்தில் எங்கள் ஊரில் செத்தவர்கள் எல்லோரும் ஆலமரங்கள். உயிரோடு இருந்தபோது அவர்களில் பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்க விட்டதில்லை என்பது வேறு விஷயம். புகழ்ச்சி என்பது பேனரில் வருவது, அதுவும் பெரும்பாலும் செத்த பிறகு வருவது என்பது எங்கள் ஊர் வழக்கம். வீட்டுக்குள் வைத்து நேருக்கு நேர் ஒருவரைப் புகழ்கிறவன் ஏதோ காரியம் ஆக வேண்டியவன் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

பூரணலிங்கத்தின் மனைவி செண்பகவல்லி. அந்த அம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருஷம். புதனும் சனியும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய், நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாயங்காலப் பஸ்ஸில் வருவார்கள். அவர் கூடவே போவார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், கூடவே வருவார். பிள்ளைகள் கிடையாது. இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, புரட்டாசியில் ஒருநாள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது வல்லி அவரிடம் கேட்டிருந்தாள்.

"ஊர்ல போறவன் வாறவனுக்கெல்லாம் எழுதுறீங்க. எனக்கும் ஒண்ணு எழுதத்தான் போறீங்க. அத இப்பச் சொல்லுங்களேன், காது கேக்கும்போதே."

"சும்மா வா. நீ எங்கயும் போகல" என்றார் பூரணலிங்கம்.

"சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"சொல்றேன் சொல்றேன்."

சொல்லவில்லை. அவளுக்கென்று பெரிதாக, இதுவரை யாருக்கும் எழுதாததாக ஒன்று எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார்; நினைத்துக்கொண்டே இருக்கும்போது ஐப்பசி வந்துவிட்டது.

நாலாவது நாள் நகராட்சி உறுப்பினர் வேலாயுத பாண்டியன் பேனர் கடைக்கு வந்தார். விவரமான மனுஷன், நடப்பதை ஊருக்கு முன்னால் புரிந்துகொண்டவர். "பிறந்தநாளு வருது அண்ணாச்சி. இருக்கிறதெல்லாம் போடுங்க" என்றார். பூரணலிங்கம் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தட்டினார். சிங்கம், சூரியன், இமயம், கடல், ஆலமரம், கலங்கரை விளக்கம், தேர், அச்சாணி, தூண், தோணி, ஊற்று, மேகம், வைரம், வாள், கேடயம் என்று நாற்பதைந்து, எல்லாம் ஒரே மனுஷனுக்கு. சாயங்காலம் பேனர் ஏறியது, ஊரே வந்து நின்று படித்தது, படித்து முடித்தபோதுதான் என்ன போய்விட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் கீழத்தெருப் பெரியவர் ஒருவர் இறந்தார். எண்பத்தொரு வயது, ஆறு பிள்ளைகள், உண்மையிலேயே ஆலமரம் என்று சொல்லத்தக்கவர். சொல்ல முடியவில்லை. பூரணலிங்கம் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

தமிழாசிரியை எஸ்தர் ரத்தினபாய் இதை முறையாகப் பார்த்துவிடலாம் என்று இறங்கினார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த அந்த டீச்சர், எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு அணியாகத் தொட்டுப் பார்த்தார். பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். 'மயில் மாதிரி நடக்கிறாள்' என்று ஒருத்திக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னொருத்திக்கு அந்த 'மாதிரி'யை எடுத்துவிட்டு 'அவள் மயில்' என்று உருவகமாக்கினால் வருமா என்றால், வரவில்லை. ஆளையே சொல்லாமல் மயிலைப் பற்றி மட்டும் பேசிக் கேட்கிறவரைப் புரிந்துகொள்ள விடலாமா என்று பார்த்தார்; கேட்டவருக்குப் புரிந்தால் பாதியில் நின்றது, புரியாவிட்டால் முழுசாக வந்தது. 'அவன் அழுதால் கண்மாய் நிறையும்' என்கிற உயர்வு நவிற்சியும் ஒரு அழுகைக்கு ஒரு கண்மாய்தான். தற்குறிப்பேற்றம் ஒன்றுதான் தப்பியது, அது ஆளை ஒப்பிடவில்லை, தானாக நடக்கிற ஒன்றுக்கு நாம் ஒரு காரணம் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான் என்றார் டீச்சர். பிறகு இரண்டு மாதத்துக்கு எங்கள் ஊர் பேனர்களில் எல்லாம் மணமக்களைப் பார்க்க ஆசைப்பட்டு மழை பெய்தது, காலமானவரின் பிரிவு தாங்காமல் தெருவிளக்கு அணைந்தது. தெருவிளக்கு வாரத்துக்கு மூன்று நாள் அணைகிற ஊரில் அதை எத்தனை நாளைக்கு ரசிப்பது.

யாருக்கு எது போனது என்று தெரிந்தால் வாயைத் திறந்து அவமானப்படாமல் இருக்கலாமே என்று, டீச்சரே பெயிண்ட் வாங்கிவந்து மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் எழுத ஆரம்பித்தார். யார் வந்து சொன்னாலும் எழுதினார். நரி, இன்னார். பனைமரம், இன்னார். காலையில் பல் துலக்கிக்கொண்டே அதைப் படிப்பது எங்களுக்குப் பழக்கமானது. காதலிக்கிறவர்கள் திருட்டுத்தனமாக வந்து படித்துவிட்டு முகம் வாடிப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் பாதியில் நின்றன, ஏனென்றால் நாயும் பன்றியும் முதல் வாரத்திலேயே போயிருந்தன, இன்னும் சொல்லாதது எது என்று யோசிப்பதற்குள் கோபம் ஆறிவிட்டது. இது ஒரு நன்மை என்று சிலர் சொன்னார்கள்.

பாவம் தாய்மார்கள்தான். தங்கம் என்கிற சொல் டெய்லர் வீட்டுக் கைக்குழந்தைக்குப் போய்விட்டது, கண்ணும் செல்வமும் கிளியும் மொட்டும் இரண்டு தெருவுக்குள் முடிந்துவிட்டன. பிள்ளையைக் கொஞ்ச வேண்டும், வாய் கேட்கிறது, சொல் இல்லை. என்ன செய்வார்கள், கண்ணில் பட்டதைச் சொன்னார்கள். என் புளிமூட்டையே, என் பம்ப்செட்டே, என் பதினோரு மணி டவுன் பஸ்ஸே. முதலில் சிரித்தோம். பிறகு அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்தால், பதினோரு மணி டவுன் பஸ் வரும்போது தெருவில் எல்லோருக்கும் வருகிற ஒரு நிம்மதி அந்தப் பிள்ளை தவழ்ந்து வரும்போதும் வரத்தான் செய்தது. எஸ்தர் டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "நிலான்னு சொன்னப்ப நாம யாரும் பிள்ளையையும் பாக்கல, நிலாவையும் பாக்கல" என்றார். அது உண்மைதான். அதற்காக அந்த வருஷம் எங்களுக்கு இனித்தது என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் அசதி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நின்று யோசிக்க வேண்டியிருந்தது, யோசித்துக் கண்டுபிடித்ததை அன்றைக்கே வேறு ஒருவன் சொல்லியிருந்தான், சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தால் மறந்துபோனது. மாசி மாதத்துக்குள் சுவர் நிறைந்து தூண்களுக்கு இறங்கியது. அம்மிக்கல், அரைஞாண் கயிறு, சோப்புப்பெட்டி, தபால் பெட்டியின் துரு, எல்லாம் போயின. ஜனங்கள் மெதுவாகப் பேசினார்கள், பிறகு குறைவாகப் பேசினார்கள், பிறகு டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூரணலிங்கம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை "இல்லையே" என்றார். அந்த 'இல்லையே'யை மட்டும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்ல முடிந்தது.

ஆனால் மாசியில்தான் அவருக்கு அது கிடைத்தது. வல்லிக்கு என்று ஒன்று. வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எதையோ பார்த்தார், தேய்த்த கை நின்றது. இருபத்தேழு வருஷமாக அதே இடத்தில் கிடந்தது, ஒருநாள்கூடக் கண்ணில் பட்டதில்லை. அவளுக்கு அவ்வளவு பொருந்தியது. ஊரில் வேறு எவனும் அவர் வீட்டுக்குள் வந்து குனிந்து அதைப் பார்க்கப் போவதில்லை, ஆகவே எவனும் எடுத்துவிடமாட்டான். உடனே சொல்லியிருக்கலாம், அவள் எதிரிலேயேதான் இருந்தாள். சொல்லவில்லை. ஏன் என்றால், சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுந்து அன்றைக்கே ஊருக்குப் பழசாகிவிடும். அப்புறம் ஒருநாள், அந்த நாள் வரும்போது, அவள் பேனரில் போடப் புதிதாக ஒன்றும் இருக்காது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் எழுதியவன் பெண்டாட்டியின் பேனரில் கேட்டுப் பழகியது நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தார். இப்போது கேட்டால் எங்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் எங்களில் எவனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. மனசுக்குள் வைத்திருந்தார். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வார். அது இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் அந்தப் பெஞ்சில் உட்கார முடிகிறது என்றுகூட அவருக்குத் தோன்றியது.

வைகாசியில் பஞ்சர் கடை அந்தோணிராசு வந்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய கடை. தம்பி சேவியர் நாலுவழிச் சாலையில் லாரி மோதி இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ராசு கையில் தம்பியின் போட்டோ இருந்தது, பான் கார்டுக்கு எடுத்தது, அதில் தம்பி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. எங்கயாவது ஒரு மூலையில கெடந்தாக்கூடப் போதும்" என்றான்.

பூரணலிங்கம் போட்டோவைப் பார்த்தார். வல்லிக்கென்று வைத்திருந்தது சேவியருக்கும் பொருந்தும் என்பது அவருக்கு உடனே தெரிந்தது. சத்தமில்லாத பையன், அவன் இருந்ததால்தான் அந்தக் கடை நின்றது.

"இல்லையே ராசு."

"நல்லா யோசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. நீங்க நெனச்சா இருக்கும்."

"இல்லப்பா. இருந்தாக் குடுக்கமாட்டேனா?"

அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது என்று அப்போது கடையில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ராசு போட்டோவைச் சட்டைப்பையில் வைத்தான். வெளியே போய், ரோட்டைப் பார்த்துவிட்டு, திரும்பவும் உள்ளே வந்தான்.

"அப்ப ஒண்ணு செய்யலாமா? அவனுக்கு வெண்டைக்கா புடிக்காது. தட்டுல போட்டா ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா வச்சிருவான். அத எழுதலாமா?"

"பேனர்லயா?"

"ஆமா. வேற என்ன செய்ய?"

அப்படித்தான் பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தப் பேனர் ஏறியது. சேவியர், வயது இருபத்தாறு. இவனுக்கு வெண்டைக்காய் பிடிக்காது. அச்சில் ஒரு எழுத்துக்கூட வெள்ளையாகப் போகவில்லை. எங்கள் ஊர் எத்தனையோ பேனர் பார்த்திருக்கிறது, சிங்கத்தின் முதுகில் உட்கார்ந்த மனுஷனையெல்லாம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறது; ஆனால் அந்தப் பேனருக்கு முன்னால் காய்கறிப் பையோடு நின்ற பெண்கள் அழுதார்கள், பஸ் டிரைவர் இறங்கி வந்து படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார், வேலாயுத பாண்டியன்கூடக் காரை நிறுத்தி வெகுநேரம் நின்றார். தனக்கு எது பிடிக்காது என்று யாருக்காவது தெரியுமா என்று யோசித்தாரோ என்னவோ. அதற்குப் பிறகு ஜனங்கள் பூரணலிங்கத்திடம் உவமை கேட்டு வருவது குறைந்தது. ஒரு குறிப்புச் சொன்னார்கள், அவர் அதை அப்படியே தட்டினார். இவர் டிக்கெட்டைப் பஸ் ஜன்னலில் செருகமாட்டார். இவள் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள்.

அவருக்கு அதுவும் அசதியாகத்தான் இருந்தது. சேவியரின் பேனரைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போவார்.

ஆடி மாதம் வல்லி இளைத்துவிட்டாள். ஊசி குத்துகிற கையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, கழுத்தில் குழாய் போட்டார்கள், காய்ச்சல் வந்தது, போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரசம் சோறு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாளைக்குப் போகலன்னா என்ன?" என்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். போயிப் போயி வந்தாச்சு. எனக்கு அலுத்துப்போச்சுங்க. ஒரு புதன்கிழம வீட்ல கெடக்கணும் போல இருக்கு."

ஒரு புதன்கிழமை என்று அவள் சொன்னாலும், அவள் சொன்னது ஒரு புதன்கிழமையை இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், இரண்டு தடவை விட்டால் மூன்றாவது தடவை வரவேண்டியிருக்காது என்று. பூரணலிங்கம் கையைக் கழுவிவிட்டு வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பேனராவது மண்ணாவது என்று அந்த நிமிஷம்தான் அவருக்குத் தோன்றியது. ஆறு மாதமாக வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது, அதைக் கேட்டால் அவள் மனசு மாறும், நாளைக்கு வருவாள். வாயைத் திறந்தார்.

வரவில்லை.

தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி திறந்தார். காற்றுதான். பையிலிருந்து பேனாவை எடுத்து மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தார். மற்றதெல்லாம் எழுதியது, அந்தச் சொல் வரும் இடத்தில் மை விழவில்லை. எவனோ எடுத்துவிட்டான்.

அவர் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடியதை நாங்கள் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்று, நாலு சுவரையும் நாலு தூணையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். அவர் தேடியது எங்கும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த எஸ்தர் டீச்சரைப் பிடித்துக்கொண்டு, "எவன் டீச்சர்? எவன் வீட்டுக்குள்ள வந்து பாத்தது?" என்று கத்தினார். "சொன்னவங்க வந்து சொன்னாத்தானங்க நான் எழுத முடியும்? சொல்லாதவங்க எத்தனயோ பேரு" என்றார் டீச்சர். பூரணலிங்கம் வேகமாகத் திரும்பி வீட்டுக்கு நடந்தார். பிறகு நடந்தது பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுவர் வழியாகக் கேட்டது, அவளுக்குக் கேட்டால் எங்களுக்கும் கேட்ட கணக்குத்தான்.

"எங்க போனீங்க, செருப்புமில்லாம?" என்று கேட்டாள் வல்லி.

"உனக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன் வல்லி. மாசியிலருந்து வச்சிருந்தேன். எவனோ எடுத்துட்டான்."

"என்னத்த?"

சொல்ல முடியாதே. கையைக் காட்டினார். அறையின் மூலையில் அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த இரும்பு பீரோ நின்றது. தரை ஒரு பக்கம் சரிவு, அதனால் முன்னங்கால் ஒன்றுக்கு அடியில் ஒரு கருங்கல் சில்லு முட்டுக்கொடுத்திருந்தது. அதைத்தான் காட்டினார்.

வல்லி எட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்தது.

"அதுவா? அத நான் தை மாசமே சொல்லிட்டேனே."

"யாருக்கு?"

"யாருக்கா? உங்களுக்குத்தான்."

பூரணலிங்கம் மறுபடி அந்தக் கல்லைப் பார்த்தார்.

"ஊசி குத்துற நர்ஸ் பிள்ள கேட்டுச்சு. 'ஒங்க வீட்டுக்காரர் நாலு மணி நேரமும் வெளியவே உக்காந்துருக்காரு, உள்ள வந்து ஒரு வார்த்த பேசமாட்டாரா'ன்னு. எங்க வீட்ல பீரோவுக்கு அடியில ஒரு கல்லு கெடக்கு, அந்தாளு அது மாதிரிம்மா, வாயும் தெறக்காது, எடத்த விட்டு நகரவும் செய்யாது, ஆனா எடுத்துட்டா பீரோ சாஞ்சிரும்னு சொன்னேன். அந்தப் பிள்ள விழுந்து விழுந்து சிரிச்சிச்சு."

"அது திட்டா, புகழ்ச்சியா?"

"ரெண்டுந்தான்."

அவர் மாதங்களை எண்ணிப் பார்த்தார். தையில் அவள் சொல்லியிருக்கிறாள், மாசியில் அவர் கண்டுபிடித்திருக்கிறார். அவர் கையில் அது ஒருநாள்கூட இருந்ததில்லை. இல்லாததை ஆறு மாதம் காவல் காத்திருக்கிறார், இல்லாததை ராசுவுக்கு இல்லையென்று சொல்லியிருக்கிறார். ராசுவுக்குக் கொடுத்திருந்தாலும் பேனர் வெள்ளையாகத்தான் வந்திருக்கும், ஆனால் கொடுத்தவன் என்று ஆகியிருக்கலாம். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அவள் தன்னை அப்படிப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தபோது பெருமையாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் எது முதலில் என்று அவருக்குத் தெரியவில்லை.

"சரி, வேற சொல்லுங்க" என்றாள் வல்லி.

"வேற இல்ல. எல்லாம் தீந்துபோச்சு."

"மாதிரி கீதிரி இல்லாமச் சொல்லுங்க."

முப்பது வருஷம் எழுதிய மனுஷன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை, டிவியை அணைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கே கால் வலித்துவிட்டதாம்.

"எனக்குப் பயமா இருக்கு வல்லி" என்றார். "நீ போயிட்டா இந்த வீட்டுக்குள்ள நான் எப்படி வருவேன்னு தெரியல. அந்தப் பெஞ்சில உக்காந்துருக்கும்போதெல்லாம் பயமாத்தான் இருந்துச்சு. அதான் உள்ள வரல."

வல்லி கட்டிலிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது, தள்ளி வைத்த தட்டைத் திரும்ப இழுக்கிற சத்தம் கேட்டது.

"எட்டு மணி வண்டியில உக்கார எடம் கெடைக்காது" என்றாள். "காலையில அஞ்சே முக்காலுக்கே போயிருவோம்."